குழந்தைகளின் மனச்சோர்வு: குடும்பமே மருந்தாகுமா?

குழந்தைப் பருவம் கவலையற்ற பருவம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆடிப்பாடித் திரியும் வயதில் மனச்சோர்வு ஏது என்று கேட்பவர் பலர். பாமர மக்கள் மட்டுமல்லர். மனநோய் மருத்துவர்களே ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணினர். உள்ளம் முழு வளர்ச்சி பெறாத குழந்தைக்கு இந்நோய் வர இயலாது என்று உளப்பகுப்பு அறிஞர்கள் பலர் 1960-ஆம் ஆண்டுகளிலும் கூறிவந்தனர். 1980-ல் அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலோ, பெரியவர்களுக்குரிய அடையாளங்களைக் கொண்டே குழந்தைகளின் மனச்சோர்வையும் கண்டறியலாம் என ஏற்றுக்கொண்டது.

நோயா, பிடிவாதமா?

இந்நோய் குழந்தைகளிடம் எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வெளிப்படுவதுண்டு. விளையாட்டில் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, படிப்பில் கவனக் குறைவு, தான் எதற்கும் உதவாத பிள்ளை என்ற எண்ணம் முதலியவை இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்குமானால் அது வெறும் வருத்தம் அன்று. ஆனால் பெற்றோரின் கண்ணுக்கு இவை சோம்பலாகவும் பிடிவாதமாகவும் தோன்றுகின்றன. அவர்கள் கண்டிக்கின்றனர், பிள்ளை மேலும் ஒதுங்குகிறது, ஒதுங்கிய பிள்ளையைக் கண்டு பெற்றோர் மேலும் சினம் கொள்கின்றனர். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்க, வீடே ஒரு சுழலில் அகப்பட்டுக் கொள்கிறது.

லண்டனில் கண்ட உண்மை

வீட்டுச் சூழலுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர்களுள் பிரிட்டிஷ் சமூகவியலறிஞர் ஜார்ஜ் பிரௌன் முக்கியமானவர். லண்டன் மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றி அவரும் அவருடைய துணைவர்களும் 1958-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைகளில் தங்கியவர்கள் நலமாக இருந்தனர் என்பதே அது. அன்பில்லாமையா இதற்குக் காரணம்? இல்லை. நெருங்கிய உறவில் எழும் இடைவிடாத குறைகூறலும், அளவுக்கு மீறிய கவலையும் நோயாளியைத் தாக்குகின்றன என்பது பின்வந்த ஆய்வுகளால் விளங்கியது. மனச்சோர்வு உடையவர்கள் கடுஞ்சொல்லால் மிக எளிதில் பாதிக்கப்படுகின்றனர் என்பதை 1976-ல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகிய இருவரும் காட்டினர்.

வீடு நோயை வளர்க்கக் கூடுமானால், வீடே நோயைத் தணிக்கவும் கூடுமன்றோ? இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, மிகு களிப்பும் மிகு சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்குக் குடும்பச் சிகிச்சை முறை ஒன்றை அமெரிக்க உளநூல் அறிஞர்கள் டேவிட் மிக்லோவிட்ஸும் மைக்கேல் கோல்ட்ஸ்டைனும் வகுத்தனர். அதனைக் குழந்தைகளின் மனச்சோர்வுக்கு ஏற்றவாறு அமைத்தவர்கள் மார்த்தா டாம்ப்சன், ஜோன் அசார்னோ ஆகிய இரு பெண் அறிஞர்கள்.

சிகிச்சையும் சோதனையும்

இம்முறையில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தே மருத்துவரிடம் அமர்கின்றனர். இது யாருடைய குற்றமும் அன்று, ஒரு நோய் என்பது முதற்பாடம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது, நல்ல செயலைக் கண்டவுடன் வாய்விட்டுப் பாராட்டுவது, மனக்குறையைப் பழிசொல்லாமல் எடுத்துரைப்பது, மகிழ்ச்சி தரும் செயல்களில் சேர்ந்து ஈடுபடுவது, சிக்கலைக் கூடிப்பேசித் தீர்ப்பது ஆகியவை படிப்படியாகப் பழக்கப்படுகின்றன. கீழ்நோக்கிச் சுழன்ற வீட்டை மேல்நோக்கித் திருப்புவதே இதன் நோக்கம்.

இதன் பயனை அறிய பாஸ்டன் பல்கலைக் கழகத்திலும் லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திலும் நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. 7 முதல் 14 வயது வரையுள்ள 134 பிள்ளைகள் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குக் குடும்பச் சிகிச்சை. மற்றப் பிரிவினர்க்குப் பிள்ளையுடன் மருத்துவர் தனித்துப் பேசி ஆறுதல் அளிக்கும் சிகிச்சை. இரண்டும் 15 அமர்வுகள். நோயின் கடுமை பாதியளவேனும் குறைந்தவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 77.7, இரண்டாம் பிரிவில் 59.9. ஏறத்தாழ ஆறு குடும்பங்களுக்கு இச்சிகிச்சை அளித்தால் ஒரு பிள்ளை கூடுதலாகப் பயன்பெறும் என்பது இதன் பொருள்.

அளவோடு கொள்ள வேண்டிய முடிவு

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கருதலாகாது. நோய் முற்றாக நீங்குதல், பிறரோடு பழகும் திறன் போன்றவற்றில் இரு பிரிவினரும் முன்னேறினர். அவர்களிடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டுத் தொடர் ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தபோது, தனிச் சிகிச்சை பெற்றவர்களும் பெரும்பாலும் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டது தெரிந்தது. ஆகவே குடும்பச் சிகிச்சையின் சிறப்பு, விரைவில் நலம் தருவதில் உள்ளது. பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சில மாதங்கள் என்பது சிறிய காலம் அன்று. அதற்குள் ஒரு வகுப்பையே இழக்கலாம், நண்பர்களையும் இழக்கலாம். அன்றியும், நோயைச் சமாளிக்கும் அறிவும் பழக்கமும் தங்களுக்கு மிகுந்ததாகக் குடும்பச் சிகிச்சை பெற்றவர்களே கூடுதலாகக் கூறினர். சிகிச்சை முடிந்த பின்னும் வீட்டில் தங்கும் செல்வம் அது.

பிள்ளையின் நோய்க்குப் பெற்றோரே காரணம் என்று இவ்வாராய்ச்சிகள் கூறவில்லை. பரம்பரை, இழப்பு, பள்ளித் துன்பம் எனக் காரணங்கள் பல. பெற்றோரின் கடுஞ்சொல்லும் பல வேளைகளில் பிள்ளையின் நோயைக் கண்டு எழுந்த தவிப்பே. பிள்ளை சாவைப் பற்றிப் பேசுமானால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். மற்ற வேளைகளில், "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று அதட்டுவதற்கு முன், "உனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கும் வீடு மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.