கனரகத் தளவாடங்களின் வான்வழிப் பயணம்

போர் வாகனங்களையும் பீரங்கிகளையும் வான்வழியே களத்துக்குக் கொண்டுசேர்க்க இன்று மூன்று வழிகள் உள்ளன. விமானத்தைத் தரையிறக்கிச் சுமையை வெளியே எடுக்கலாம். பறந்தபடியே பாராசூட்டில் இறக்கலாம். ஹெலிகாப்டரின் அடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம். மூன்றிலும் கடினமான வேலை தூக்குவதல்ல, பழுதின்றி இறக்குவதே.

இரண்டாம் உலகப் போரில் இந்த வேலையைப் பெரிதும் செய்தது எஞ்சின் இல்லாத கிளைடர். வேறொரு விமானம் கயிற்றால் இழுத்துவந்து விடுவிக்க, அது மிதந்து இறங்கும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பிரிட்டனின் ஹாமில்கார் கிளைடர்கள் டெட்ரார்க் என்ற சிறு டாங்கிகளுடன் இறங்கின. பெங்களூருக்கும் கிளைடர் வரலாற்றில் இடமுண்டு. 1940இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையில், வி.எம். காட்கே பத்துப் பேர் அமரக்கூடிய ஜி-1 கிளைடரை வடிவமைத்தார். அது ஒன்றோடு நின்றுவிட்டது. 1943இல் அமெரிக்க விமானப்படை அந்த ஆலையைப் பழுதுபார்க்கும் பணிமனையாக்கியது.

1944 மார்ச் 5 இரவு அசாமின் லாலாகாட்டிலிருந்து கிளம்பிய கிளைடர்கள், பர்மாக் காட்டுக்குள் ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் சிண்டிட் படையினரையும் சிறு புல்டோசர்களையும் இறக்கின. பல கிளைடர்கள் நொறுங்கி, உயிர்கள் பறிபோயின. ஆயினும் தப்பிய இயந்திரத்தைக் கொண்டு ஒரே நாளில் ஓடுபாதை அமைக்கப்பட்டது. மறுநாள் இரவே டகோட்டா விமானங்கள் வந்திறங்கின.

சுதந்திர இந்தியாவுக்கு இந்தக் கலையின் தேவையை உணர்த்தியது லடாக். சீனாவுடனான போரின்போது, 1962 அக்டோபர் 25 அன்று ஏ.என்-12 விமானங்கள் ஏ.எம்.எக்ஸ்-13 ரக டாங்கிகளைச் சுஷூலில் இறக்கின. அந்த டாங்கி சுமார் 15 டன். சுஷூலின் உயரமோ ஏறத்தாழ 4,300 மீட்டர். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினின் வலுவும் குறையும், தரையிறங்கி நிற்க நீண்ட ஓட்டமும் தேவைப்படும். அந்த நிலையில் டாங்கிகளைக் கொண்டுசேர்த்தது இந்திய விமானிகளின் பெரும் சாதனை.

ஓடுபாதையே இல்லாத இடத்துக்குப் பாராசூட்தான் வழி. 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசத்தின் தங்காயிலில் 2ஆம் பாரா பட்டாலியன் குதித்தபோது, பீரங்கிகளும் பாராசூட்டில் இறக்கப்பட்டன. வீரர் குதிப்பதைவிட வாகனத்தை இறக்குவது சிக்கலானது. பல டன் எடை விமானத்தின் பின்புறமாக நழுவும்போது ஈர்ப்பு மையம் சட்டென மாறும். விமானி அதைச் சமாளித்து விமானத்தை நிலையாக வைத்திருக்க வேண்டும். பெரிய குடைகள் முழு வேகத்தில் ஒரேயடியாக விரிந்தால் துணி கிழிந்துவிடும். அதனால்தான் அவை படிப்படியாக விரிகின்றன.

ஆக்ராவில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஏ.டி.ஆர்.டி.இ. ஆய்வகம் உருவாக்கிய பி-7 அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐ.எல்-76 விமானத்திலிருந்து 7 டன் வரையிலான சுமையை இது இறக்கும். சுமை ஓர் உலோக மேடையில் இறுகக் கட்டப்படும். முதலில் ஓர் இழுப்புப் பாராசூட் விரிந்து மேடையை வெளியே இழுக்கும். பிறகு துணைப் பாராசூட்டுகளும் வேகத்தைக் குறைக்கும் ஐந்து பாராசூட்டுகளும் வேலை செய்யும். கடைசியில் ஐந்து பெருங்குடைகள் விரிந்து தரைவரை தாங்கிவரும். காலாட்படைப் போர் வாகனம் போன்ற 16 டன் வரையிலான சுமைக்காகப் பி-16 அமைப்பும் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் ராணுவ விமானங்களுக்கும் அவை சார்ந்த கருவிகளுக்கும் பறக்கும் தகுதிச் சான்று வழங்கும் செமிலாக் அமைப்பு பெங்களூரில்தான் இயங்குகிறது.

சுமார் 45 டன் எடையுள்ள முழு டாங்கியைப் பாராசூட்டில் இறக்க முடியாது. அதற்குத் தரையிறங்கும் பெரிய விமானம் வேண்டும். 1985இல் வந்த ஐ.எல்-76, 2013இல் சேர்ந்த சி-17 ஆகியவை அந்தப் பணிக்கானவை. சி-17 சுமார் 77 டன் வரை சுமக்கும். 2020இல் கல்வான் மோதலுக்குப் பின் விமானப்படை கிழக்கு லடாக்குக்கு 68,000க்கும் மேற்பட்ட வீரர்களையும், சுமார் 90 டாங்கிகளையும், ஏறத்தாழ 330 காலாட்படைப் போர் வாகனங்களையும் கொண்டுசேர்த்ததாகச் செய்திகள் வெளியாயின. விமானம் இறங்கவே முடியாத மலைமுகடுகளுக்கு, 2019இல் படையில் சேர்ந்த சினூக் ஹெலிகாப்டர், சுமார் 4.2 டன் எடையுள்ள எம்-777 பீரங்கியைத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறது. எடை, உயரம், இறங்கும் நிலம் ஆகிய மூன்றுமே எந்த வழியைத் தேர்வது என்பதைத் தீர்மானிக்கின்றன.