அந்நிய வீட்டில் முதல் மூன்று மாதங்கள்



மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு விடயங்களையே பேசுகிறோம். ஒன்று, வரும் பணம். மற்றது, அங்கே நடக்கும் கொடுமை. இவ்விரண்டுக்கும் முன்னால் ஒரு காலம் இருக்கிறது. போய் இறங்கிய நாளிலிருந்து அந்த வீடு பழகும் வரையான காலம் அது. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் போய்த் திரும்பிய பல பெண்களுடன் பேசியிருக்கிறேன். முதல் மூன்று மாதங்கள்தான் மிகக் கடினம் என்று அநேகர் சொல்கிறார்கள்.

தோட்டத்துப் பெண் உழைப்புக்குப் புதியவள் அல்ல. ஆனால் தோட்ட வேலைக்கு ஓர் அளவு உண்டு. காலையில் பிரட்டு, மாலையில் கொழுந்து நிறுவை. நிறுத்து முடிந்தால் லயத்துக்குப் போகலாம். பக்கத்து நிரையில் பேச ஆளும் இருக்கும். வீட்டு வேலைக்கு நிறுவை கிடையாது. பேச ஆளும் கிடையாது.

அங்கே பல வீடுகளில் எஜமானியை "மாமா" என்றும் எஜமானை "பாபா" என்றும் பணிப்பெண்கள் அழைக்கிறார்கள். மாமா என்றதும் நாம் ஓர் ஆணைத்தான் தேடுவோம்! தண்ணீர் "மோயா", ரொட்டி "ஹுப்ஸ்", முடிந்தது என்பதற்கு "ஹலாஸ்". வார விடுமுறை பல நாடுகளில் வெள்ளிக்கிழமை. சவூதியிலும் குவைத்திலும் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். நோன்பு மாதத்தில் சமையலும் விருந்தும் இரவில் நீளும், தூக்கம் தலைகீழாகும்.

இவை சின்ன விடயங்களாகத் தெரியலாம். ஆனால் சொன்னது விளங்காமல் நிற்பவளை, சொன்னது கேட்காதவள் என்றே அந்த வீட்டார் நினைப்பார்கள். பல சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே புறப்படுமுன் தரப்படும் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காதீர்கள். சமையலறை, குழந்தை, நோய், உதவி ஆகியவை பற்றி ஐம்பது அரபுச் சொற்களையாவது வாயில் வரும்வரை பழகுங்கள். "எனக்கு விளங்கவில்லை", "எனக்குச் சுகமில்லை" என்ற இரண்டும் முதலில் வரட்டும்.

மொழிக்கு அடுத்தது கடதாசி. மலையகத்துப் பெண்களின் பாட்டிமாரும் ஒரு காலத்தில் தமிழகத்திலிருந்து இந்த மலைக்குப் புதியவர்களாக வந்தவர்கள்தாம். கங்காணி கொடுத்த முன்பணம் அவர்களின் கடனாயிற்று. அந்தக் கடனைத் "துண்டு" என்ற சீட்டில் எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்களைக் கைமாற்றினார்கள். 1921 இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. இன்று உப முகவர் லயத்துக்கு வந்து குடும்பத்தின் கையில் ஒரு தொகையைக் கொடுக்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. "காசு வாங்கிவிட்டோமே, எப்படித் திரும்பி வருவது?" என்று பெண்ணே தன்னைக் கட்டிப்போட்டுக் கொள்கிறாள். என்ன நிபந்தனையில் அந்தக் காசு தரப்படுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.

வயதையோ பெயரையோ மாற்றிக் கடவுச்சீட்டு எடுக்க ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 இல் சவூதிக்குப் போனபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. போன சில வாரங்களுக்குள் அவரது பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவர் சொன்னார். கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு, 2013 ஜனவரி 9 இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. புதிய நாடு, தெரியாத மொழி, பொய்யான வயது. மூன்றும் ஒரு சிறுமியின் தலையில் ஒன்றாக விழுந்தன.

நமக்குச் சாதகமான சட்டங்களும் உண்டு. குவைத்தில் 2015 இல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டப்படி நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. பணிப்பெண்ணின் சம்மதமின்றி அவளது கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்கவும் கூடாது. சட்டம் இருப்பதனால் எல்லா வீட்டிலும் அது நடக்கும் என்றில்லை. ஆனாலும் உரிமை என்னவென்று தெரிந்தவள்தான் அதைக் கேட்க முடியும்.

1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் போனால் எல்லாம் சரியாகும் என்பவரை நம்ப வேண்டாம். ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் அதனுடன் எழுதி வையுங்கள். தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்தால் போதாது. அதைப் பறித்துவிட்டால் என்ன செய்வது? மனப்பாடம் செய்யுங்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் புதியவர்களாக இருந்து பார்த்தவர்கள். முகாமில் கிணறு எங்கே, வரிசை எங்கே, யாரிடம் பேசலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகியவர்கள். 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, பிறகு யுத்தத்திலும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அன்று கேட்கத் துணிந்தது போலவே இங்கும் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் மூன்று மாதமும் "காசு எப்போது வரும்?" என்பதற்கு முன், "சாப்பிட்டாயா? தூங்கினாயா? சம்பளம் கைக்கு வந்ததா?" என்று கேளுங்கள். பேச்சு நின்றுபோனால் காத்திருக்க வேண்டாம். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் பிரதிகளுடன் போய் முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள்.