விட்டு விட்டு ஓடும் டிவிடி: பழுது தகட்டிலா, கணினியிலா?



நம் இல்லங்களின் அலமாரிகளில் டிவிடி தகடுகள் சில எப்படியும் இருக்கும். மகளின் நிகாஹ், மகனின் பட்டமளிப்பு விழா, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களை வழியனுப்பிய காட்சி, மறைந்த பாட்டனாரின் முகமும் குரலும் என்று ஒரு குடும்பத்தின் நினைவுகள் அவற்றில் அடங்கியுள்ளன. வீடியோ கேசட்டில் எடுத்தவற்றையும் பலர் பின்னாளில் டிவிடிக்கு மாற்றி வைத்தனர். இத்தகடுகளுள் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

ஆண்டுகள் கழித்து ஒருநாள் அத்தகட்டைக் கணினியில் இடுகிறோம். படம் ஓடுகிறது, நிற்கிறது, பின்பு துள்ளி ஓடுகிறது. குரல் ஒரு பக்கமும் உதட்டசைவு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. உடனே, "தகடு போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறி அதைக் குப்பையில் எறிகிறோம். அல்லது கணினி பழையதாகிவிட்டது என்று கூறிப் புதியது வாங்கப் புறப்படுகிறோம். இரண்டுமே விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்புகள். குற்றம் எங்கே உள்ளது என்பதை வீட்டிலேயே, செலவின்றி, அரை மணி நேரத்தில் கண்டறிய முடியும்.

படம் எவ்வாறு ஓடுகிறது?

டிவிடியில் படம் எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கிப் பதியப்பட்டிருக்கும். அது நம் கண்முன் வருவதற்கு மூன்று வேலைகள் இடைவிடாது நடைபெற வேண்டும். முதலாவது, டிவிடி டிரைவ் தன் லேசர் ஒளியால் தகட்டிலுள்ள தரவுகளைப் படிக்க வேண்டும். இரண்டாவது, சுருக்கப்பட்டவற்றைக் கணினியின் செயலி விரிக்க வேண்டும். மூன்றாவது, விரித்த படங்களைத் திரையில் காட்ட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் பிஏஎல் முறையில் நொடிக்கு 25 படங்கள் காட்டப்படுகின்றன. இம்மூன்றில் ஏதேனும் ஒன்று சற்றே பின்தங்கினாலும் படம் தடுமாறும்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. டிவிடி படத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் சுமார் 10 மெகாபிட் தரவுகளே தேவை. டிரைவின் ஒற்றை வேகமே நொடிக்கு 11 மெகாபிட் அளவைத் தந்துவிடும். எனவே "16 மடங்கு வேகமுள்ள டிரைவ் வாங்கினால் சரியாகும்" என்ற அறிவுரை பெரும்பாலும் பயன் தராது. வேகத்தைவிடப் பிழையின்றிப் படிப்பதே முக்கியம்.

குற்றவாளியைக் காட்டும் சோதனை

தகட்டைக் கணினியில் இட்டு அதிலுள்ளவற்றைத் திறந்து பாருங்கள். 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதை முழுமையாக வன்தட்டுக்கு நகலெடுங்கள். சாதாரணத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, நல்ல தகடாயின் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் நகல் முடிந்துவிடும். பின்பு தகட்டை வெளியே எடுத்துவிட்டு, வன்தட்டிலுள்ள நகலை ஓட்டிப் பாருங்கள். கடைகளில் விற்கப்படும் படத்தகடுகளில் மின்னணுப் பூட்டு இருக்கக்கூடும் என்பதால் இச்சோதனைக்கு வீட்டுத் தகடுகளே ஏற்றவை.

விளைவு மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. நகல் எடுக்கும்போதே கணினி திணறினால், அல்லது பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டால், பழுது தகட்டிலோ டிரைவின் லென்ஸிலோ உள்ளது.

2. நகல் எளிதாக முடிந்து, வன்தட்டிலிருந்து படம் சீராக ஓடினால், தகடு நலமாக உள்ளது. டிரைவுக்கும் கணினிக்கும் இடையிலுள்ள இணைப்பில் குறை இருக்கலாம்.

3. வன்தட்டிலிருந்து ஓட்டியும் படம் தடுமாறினால், தகட்டின் மீதும் டிரைவின் மீதும் பழி இல்லை. செயலியையும் மென்பொருளையும் விசாரிக்க வேண்டும்.

பழுது தகட்டிலாயின்

பிழையுள்ள இடத்தை அடைந்ததும் டிரைவ் தன் வேகத்தைக் குறைத்து அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயலும். அதுவரை படம் காத்து நிற்கிறது. நாம் காணும் தடுமாற்றம் இதுவே.

முதலில் தகட்டைத் துடையுங்கள். மென்மையான, நூல் உதிராத துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தரவுகள் வட்டப்பாதையில் பதிந்திருப்பதால், அப்பாதையை ஒட்டி விழும் கீறல் தொடர்ச்சியான தரவுகளை அழித்துவிடும். குறுக்கே விழும் சிறு கீறலை டிரைவ் தன் பிழைதிருத்தும் ஆற்றலால் சமாளித்துக்கொள்ளும். கைரேகை போகாவிடில் சிறிது சோப்பு கலந்த நீர் போதும். தின்னர், பெட்ரோல் போன்றவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

துடைத்தும் பயனில்லையெனில் வேறொரு கணினியின் டிரைவில் இட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் தகட்டை மற்றொன்று எளிதாகப் படிப்பதுண்டு. மாறாக, எல்லாத் தகடுகளும் ஒரே டிரைவில் மட்டும் திணறினால் அதன் லென்ஸில் தூசு படிந்திருக்கலாம்.

பழுது இணைப்பிலாயின்

யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி டிரைவ்களுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காவிடில் அவை தடுமாறும். பல கருவிகள் செருகிய ஹப்பில் இணைக்காமல் கணினியிலேயே நேரடியாக இணையுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினியை இதற்கென இன்றும் வைத்திருப்போர் மற்றொன்றை அறிந்திருக்க வேண்டும். அதில் டிரைவ், செயலிக்குச் சுமை தராமல் தரவுகளை நேராக நினைவகத்துக்கு அனுப்பும் முறைக்கு டிஎம்ஏ என்று பெயர். படிப்பதில் பிழைகள் பலமுறை நேர்ந்தால் விண்டோஸ் தானாகவே பிஐஓ என்னும் மெதுவான முறைக்கு இறங்கிவிடும். பின்பு தானாக மேலே ஏறாது. இதனால் கீறல் விழுந்த ஒரு தகட்டை ஓட்டிய பின் நல்ல தகடுகளும் திணறத் தொடங்கும். ஒன்று செய்த குற்றத்துக்கு எல்லாம் தண்டனை பெறுகின்றன! டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கண்ட்ரோலர் பகுதிக்குச் சென்று, டிவிடி டிரைவ் இணைந்துள்ள சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டறிந்து டிஎம்ஏ முறைக்குத் திரும்பும். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டதால், அக்கணினியை இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துவதே நல்லது.

பழுது கணினியிலாயின்

டிவிடி படத்தை விரிப்பது இன்றைய செயலிக்குப் பெரும் பாரமன்று; 2000ஆம் ஆண்டையொட்டிய கணினிகளே அதைச் செய்தன. ஆகவே கணினி திணறுகிறதென்றால் அதன் ஆற்றலை வேறு ஏதோ உண்கிறது என்று பொருள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வைரஸ் தேடும் மென்பொருளோ விண்டோஸ் புதுப்பிப்போ செயலியை முழுவதும் பிடித்து வைத்திருப்பதை அங்கே காணலாம். அது முடிந்தபின் படத்தை ஓட்டுங்கள்.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, சிறிது நேரம் கழித்துத் தடுமாறினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். விசிறியில் தூசு அடைத்தால் செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி படங்களை ஓட்டும் வசதி விண்டோஸுடன் வருவதில்லை. ஆதலால் தனி மென்பொருள் தேவை. வீடியோலேன் அமைப்பின் விஎல்சி இலவசமானது. அதை அவ்வமைப்பின் தளத்திலிருந்தே பெறுங்கள். கண்ட இடத்தில் கிடைக்கும் 'கோடெக்' தொகுப்புகளை நிறுவினால் பழுது கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். விஎல்சியிலும் படம் தடுமாறினால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். பின்பு விஎல்சியின் அமைப்புகளில் 'ஹார்ட்வேர் டிகோடிங்' என்பதை நிறுத்திப் பாருங்கள்.

பழுதல்லாதவை இரண்டு

8.5 ஜிபி கொள்ளளவுள்ள தகடுகளில் தரவுகள் இரண்டு அடுக்குகளாக இருக்கும். ஓர் அடுக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது படம் ஒரு கணம் நிற்பதுண்டு, அது இயல்பே. அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிவதும் தடுமாற்றமன்று. விஎல்சியில் 'டீஇன்டர்லேஸ்' வசதியை இயக்கினால் அவை மறையும்.

தாமதம் வேண்டாம்

வாசகர்களே! கணினியின் பழுதை நாளையும் சரிசெய்யலாம். தகட்டின் பழுது அவ்வாறன்று. நாம் வீட்டில் எழுதும் தகடுகளில் தரவுகள் ஒருவகைச் சாயத்தில் பதிகின்றன. வெயில், வெப்பம், ஈரம் ஆகியவற்றால் அச்சாயம் ஆண்டுக்காண்டு மங்குகிறது. மேலே ஒட்டிய காகித லேபிள்கூடத் தகட்டை வளைத்துவிடும். இன்று இடையிடையே தடுமாறும் தகடு, சில ஆண்டுகளில் அறவே திறக்காமல் போகலாம்.

எனவே தடுமாறும் தகட்டை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதைவிட, முதலில் நகலெடுங்கள். சாதாரண முறையில் நகல் எடுக்க இயலாதபோது, கணினி அறிந்த பிள்ளைகளிடம் 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருளைப் பற்றிக் கூறுங்கள். அது படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளை இறுதியில் மீண்டும் முயலும். நகல்களை இரண்டாக்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் சுமார் 12 தகடுகள் அடங்கும்.

பாட்டனாரின் குரல் ஒரே ஒரு தகட்டில்தான் உள்ளதென்றால், அதை நகலெடுக்கும் வேலையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.