மானும் மணமும்: இலங்கை வேடரின் வேட்டை வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கியத்தில் மானும் வேடரும் மணவுறவும் ஒருங்கு கூடும் கதை வள்ளி கதையாகும். கந்தபுராணத்திலே, மானின் வயிற்றிற் பிறந்து வேடர் தலைவனால் வளர்க்கப்பட்ட பெண்ணை முருகன் வேடனாக வேடம் பூண்டு வந்து காண்கின்றான். கதிர்காமத்து மரபும் வள்ளியை வேடர்குலப் பெண்ணாகவே கொள்கின்றது. பக்தியுலகு போற்றிய இம்மணத்துக்கு அப்பால், வேடரிடையே மணம் எத்தகைய பொருளியற் பணியை ஆற்றியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இலங்கை வேடர் பற்றிய சான்றுகளைத் துணைக்கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679 இல் தப்பிச்சென்ற அவர், 1681 இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றிச் சுருக்கமாகவேனும் பயனுள்ள செய்திகளைத் தருகின்றார். வேடர் காட்டினை எல்லை வகுத்துப் பிரித்திருந்தனர்; ஒரு கூட்டத்தார் தம் எல்லைக்கு அப்பால் வேட்டையாடவோ தேன் எடுக்கவோ கூடாது. எல்லையிலே நின்ற ஒரு பலாமரத்தின் காரணமாக எழுந்த பூசலில் பலர் மாண்டதையும் அவர் கூறுகின்றார். மகளை மணமுடித்துக் கொடுக்கும்போது வேட்டை நாய்களையே சீதனமாக அளித்தனர் என்பது அவர் தரும் மற்றொரு செய்தி. சீதனம் என்றதும் காணியையும் நகையையும் நினைக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் இரண்டிடத்தும் நிகழ்வது ஒன்றே: புதிய குடும்பத்துக்கு உற்பத்திச் சாதனம் கைமாறுகின்றது. வேட்டைச் சமூகத்தின் உற்பத்திச் சாதனங்களுள் நாயும் ஒன்று.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின், செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இச்செய்திகளைத் தெளிவுபடுத்துகின்றது. மாமன் மகளை அல்லது அத்தை மகளை மணப்பதே வேடரிடையே முறையான மணமாகக் கருதப்பட்டது. மணமகன் தேனையோ உலர்த்திய மானிறைச்சியையோ பெண்ணின் தந்தையிடம் கொண்டுசெல்வான். பெண் தன் கையாலே திரித்த கயிற்றை அவன் இடையிற் கட்டுவாள். சடங்கு அவ்வளவே. அக்கயிற்றை அவன் என்றும் களைவதில்லை. அது தேய்ந்தால் மனைவியே புதிதாகத் திரித்துக் கட்டுவாள். மணத்தோடு, மாமனாரின் வேட்டை நிலத்தில் அல்லது தேன் அடைகள் உள்ள குன்றில் ஒரு பகுதி மருமகனுக்குக் கிடைப்பதும் உண்டு.

இங்கு ஆணின் உழைப்பு இறைச்சியாகவும் தேனாகவும், பெண்ணின் உழைப்பு கயிறாகவும் பரிமாறப்படுவதைக் காணலாம். வேட்டை நிச்சயமற்ற தொழில். மரையையோ புள்ளிமானையோ நாள் முழுதும் தொடர்ந்தும் வெறுங்கையோடு திரும்புதல் வேடனுக்குப் புதிதன்று. அந்நாளில் குடும்பத்தின் பசியைத் தணிப்பவை பெண்கள் தோண்டுகோலால் அகழ்ந்தெடுத்த கிழங்குகள். பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே நடத்தப்பட்டனர் என்றும், அன்பளிப்பாகக் கிடைத்த உணவிலே பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் முதலிற் பங்கு கொடுக்கப்பட்டது என்றும் செலிக்மன் தம்பதியர் பதிவு செய்துள்ளனர். வேடர் தம்பதியரின் பிரிவறியா உறவினைக் கண்டு வியந்த ஐரோப்பியர் சிலர் அதனை இயற்கையான ஒழுக்கமாகக் கொண்டனர். ஒருவர் உழைப்பின்றி மற்றவர் வாழமுடியாத உற்பத்தி முறையே அவ்வொழுக்கத்தின் நிலைக்களம் எனக் கொள்வதே பொருத்தமாகும். குடும்ப வடிவங்களை உற்பத்தியோடு இணைத்து நோக்கவேண்டும் என 1884 இல் எங்கெல்ஸ் வற்புறுத்தியது இத்தகைய இடங்களிற்றான் பயன்தருகின்றது.

எனினும் வேடர் வாழ்வினை மாசற்ற ஆதிப் பொதுவுடைமையாகக் காட்டுதல் தவறு. நிலத்துக்கு உரிமையாளர் இருந்தனர். எல்லைப் பூசலில் உயிர்கள் போயின. வில் ஆடவர் கையிலேயே இருந்தது. வெளியுலகோடு பண்டமாற்றும் நிகழ்ந்தது. அம்பு முனை வேண்டிய வேடன், இலையை அவ்வடிவில் வெட்டி இறைச்சியோடு கொல்லனிடம் தொங்கவிட்டுச் செல்வான் என்கிறார் நொக்ஸ்.

மான் கூட்டம் எவ்வாறு பேணப்பட்டது என்பதும் இப்பின்னணியிலேயே விளக்கம் பெறும். வேடர் மான்களை எண்ணிக் கணக்கிட்டுப் பாதுகாத்தனர் எனக் கூறுதற்குச் சான்றில்லை. ஆயின் ஒவ்வொரு காட்டுப் பரப்பிலும் யார் வேட்டையாடலாம் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. அவ்வரையறை மணவுறவின் வழியே தலைமுறைதோறும் கைமாறியது. நிலத்தைப் பிறருக்கு அளிக்கக் கூட்டத்தின் வளர்ந்த ஆடவரது இசைவு வேண்டப்பட்டது. அடிபட்ட விலங்கு அயலான் நிலத்தில் விழுந்தால் அவனுக்கும் பங்கு உண்டு. இறைச்சி அம்பு முனைக்கும் துணிக்கும் மாறியதேயன்றி, மூலதனமாகத் திரளவில்லை. தேவைக்கு எல்லை இருந்தமையால் வேட்டைக்கும் எல்லை இருந்தது.

இவ்வொழுங்கினைக் குடியேற்றவாதம் குலைத்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் தொடர்பான கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காட்டினை அரசின் உடைமையாகக் கருதியது. வேடனின் எல்லைகள் எந்தப் பத்திரத்திலும் பதியப்பட்டவையல்ல. மறுபுறம், நுவரெலியாவில் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்திய சாமுவேல் பேக்கர் அவ்வனுபவங்களை 1854 இல் நூலாக்கினார். ஒருவனுக்கு உணவாயிருந்த விலங்கு இன்னொருவனுக்குப் பொழுதுபோக்காயிற்று. துப்பாக்கியும் சந்தையும் விலங்குகளை அருகச் செய்தபின் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 1938 இல் யால, வில்பத்து தேசியப் பூங்காக்களின் தோற்றமும் இவ்வரலாற்றின் கட்டங்கள். பாதுகாப்பு அவசியமானதே. ஆயின் அழிவின் பொறுப்பு ஒருவரிடமும், அதற்கான தடை வேறொருவரிடமும் சென்று சேர்ந்தது.

இதன் உச்சத்தை 1983 இற் காண்கின்றோம். துரித மகாவலித் திட்டத்தையொட்டி அவ்வாண்டு மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, தம்பானைப் பகுதி வேடரின் வேட்டை நிலம் பூங்காவுக்குள் அடங்கியது. குடும்பங்கள் பல ஹேனானிகல முதலிய குடியேற்றங்களில் நெற்காணி பெற்றுக் குடியமர்ந்தன. வேடர் தலைவர் திசாஹாமி வெளியேற மறுத்தார். 1998 இல் அவர் மறைந்தபின் அவர் மகன் வன்னில அத்தோ தலைமையேற்றார். அதற்கு முன்னரே, 1996 இல், வன்னில அத்தோ ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் பூர்வகுடிகள் செயற்குழுவில் தம் மக்களின் வழக்கினை எடுத்துரைத்திருந்தார்.

இம்மாற்றத்தைக் காட்டிழப்பு என்று மட்டும் கூறுதல் போதாது. இலங்கையின் குடியேற்றக் காணிகளுக்கு அடிப்படையான 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு நியமிக்கப்படாத இடத்து மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. அப்பாகுபாடு 2022 இலேயே திருத்தப்பட்டது. மகளின் மணத்தோடு மருமகனுக்கு நிலம் சென்ற சமூகம், மகனை முதலில் வைக்கும் சட்டத்துள் வந்து சேர்ந்தது. கிழங்ககழ்ந்து குடும்பத்தைக் காத்த பெண்ணின் உழைப்பிற்கும் பழைய காட்டில் இருந்த இடம் புதிய வயலில் இல்லை.

மானுக்கு ஒரு திணைக்களம், காணிக்கு ஒரு திணைக்களம், குடும்பத்துக்கு வேறொரு சட்டம் என நவீன அரசு பிரித்து ஆளும் மூன்றும் வேடர் வாழ்வில் ஒரே உறவின் மூன்று முகங்களாயிருந்தன. வனத்தைப் பேணுவோர் இவ்வுண்மையை மனங்கொள்ளாவிடில், மானைக் காக்கும் பெயரால் மானோடு வாழ்ந்த மனிதரை அழிப்பது தொடரும். காட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் வேடருக்கும், அவருள் வேடர்குலப் பெண்டிருக்கும், குரலும் உரிமையும் கிடைத்தல் வேண்டும். வள்ளியைத் தெய்வமாக வணங்கும் சமூகம் அவள் குலத்தாருக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச நீதி அதுவேயாகும்.