மஜ்ஜை மாற்றியவர்களும் மூன்றாவது ஊசியும்

டி. கல்லுப்பட்டி என்றவுடன் தேசாபிமானிகளுக்குக் காந்தி நிகேதனமும், அங்கே தமது கடைசி வருஷங்களைக் கழித்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவும் நினைவுக்கு வருவது இயல்பு. கிராமத்தையே மையமாக வைத்துப் பொருளாதாரம் பேசியவர் அவர். ஆனால் வைத்திய விஷயத்தில் நமது கிராமங்கள் இன்னும் பட்டணத்தின் வாசலிலேயே காத்து நிற்கின்றன. கொரோனாக் காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர்கள் பட்ட பாடே இதற்குச் சாட்சி.

இச்சிகிச்சை நமது தேசத்திற்குப் புதிதன்று. 1983-ல் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியிலும், 1986-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் தொடங்கியது. இரத்தப் புற்று, தாலஸீமியா போன்ற வியாதியுடையோரின் பழுதுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்து, பிறரிடமிருந்து பெற்ற மூல அணுக்களை இரத்தத்தில் செலுத்துவர். புது மஜ்ஜை வேரூன்றும் வரையில் நோயாளி பிறந்த சிசுவுக்குச் சமானம். குழந்தைப் பருவத்தில் குத்திய ஊசிகளின் பலன்கூடப் பெரும்பாலும் போய்விடுகிறது. யாவும் மறுபடி போட்டாக வேண்டும். புது அணுக்கள் உடலையே பகையாக எண்ணித் தாக்காமலிருக்க, அவற்றின் வேகத்தை அடக்கும் மருந்தும் உட்கொள்ள வேண்டும்.

இத்தகையோரைத் தொற்று பிடித்தால் என்னவாகும்? அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசப் பதிவேடு ஒன்று 2020-ல் தொற்றிய 318 பேரை ஆராய்ந்தது. பிறர் அணுக்களைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேரும், தம் அணுக்களையே திரும்பப் பெற்றவர்களில் 67 பேருமே முப்பதாம் நாளில் உயிருடன் இருந்தனர். அதாவது மூவரில் ஒருவர் மாண்டார்! சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

அந்த ஓராண்டில்தான் இரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி செல்ல வேண்டும். கல்லுப்பட்டியிலிருந்து வேலூர் நானூறு கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்கோ திருமங்கலம், திருப்பரங்குன்றம் வழியாகவே பாதை. 2020 ஜூன் 24 முதல் மதுரை நகரமும் திருப்பரங்குன்றம் வட்டாரமும் முழு அடைப்பில் இருந்தன. ஊருக்குள் இருந்தால் பரிசோதனை தவறும். வெளியே போனால் தொற்று. இரண்டில் எதைத் தேர்வது?

தடுப்பூசி வந்தது. 2021 மார்ச் 1-ல் தொடங்கிய கட்டத்திற்கென மத்திய சர்க்கார் வெளியிட்ட பட்டியலில் மூல அணு மாற்றம் பெற்றவர்களும் இடம் பெற்றனர். மெச்சத்தக்கதே. ஆயினும் வயது நாற்பத்தைந்து நிரம்பியிருக்க வேண்டுமாம்! இச்சிகிச்சை பெறுவோரில் சிறுவரும் வாலிபரும் எத்தனையோ பேர் என்பதை அதிகாரிகள் அறியாரா?

மேலும், இவர்களுக்கு இரண்டு ஊசி பலருக்குப் போதாது. அமெரிக்கா 2021 ஆகஸ்டிலும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு அக்டோபரிலும் மூன்றாவது ஊசிக்கு வழி கூறின. நமது சர்க்காரோ 2022 ஜனவரியில் சுகாதார ஊழியர், முன்களப் பணியாளர், வியாதியுள்ள அறுபது வயதினர் ஆகியோருடன் நிறுத்திக் கொண்டது. மற்ற வயதினர் ஏப்ரல் முதல் காசு கொடுத்தும், இலவசமாக ஜூலையிலும் பெற்றனர். கொடுக்க வேண்டிய வரிசை இதுவா?

2021-ல் தமிழக சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டிற்கே கொண்டு செல்கிறது. அந்த ஊழியர் கையில் மஜ்ஜை மாற்றியவரின் பெயரும் இருக்கட்டும். ஜில்லாதோறும் பதிவேடு வேண்டும். அடுத்த தொற்று வருமுன், முதல் பட்டியலிலேயே வயது வரம்பின்றி அவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்திடல் வேண்டும்.