தந்தை வீடு திரும்பிய பின்னர் தொடங்கும் சிகிச்சை

பனையில் ஏறிய சீவல் தொழிலாளி ஒருவர் பிடி தவறி விழுகின்றார். வீட்டுக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தவர் சிலாகை முறிந்து நிலத்தில் வந்து வீழ்கின்றார். அதிகாலையில் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் சென்றவரின் மோட்டார் சைக்கிள் வீதியோரத்தில் நசுங்கிக் கிடக்கின்றது. எமது நாட்டில் முள்ளந்தண்டுக் காயங்கள் பெரும்பாலும் இவ்வாறே நேர்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் இவற்றுடன் யுத்தத்தின் காயங்களும் சேர்ந்துள்ளன. 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றபோது, எறிகணைச் சிதறல்களை முள்ளந்தண்டில் தாங்கியவாறு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் இன்றும் எம்மிடையே சக்கர நாற்காலிகளில் வாழ்கின்றனர்.

காரணம் எதுவாயினும், காயமடைபவர் பெரும்பாலும் உழைக்கும் வயதிலுள்ள ஒருவர். ஒரு குடும்பத்தின் தந்தை அல்லது தாய். சில வாரங்கள் அல்லது மாதங்கள் வைத்தியசாலையில் இருந்த பின்னர் அவர் வீட்டுக்கு அழைத்து வரப்படுகின்றார். அன்று உறவினரும் அயலவரும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இவர் எப்போது எழுந்து நடப்பார்?’ ஆனால் அந்த வீட்டின் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கும் கேள்விகள் வேறு. இரவு இரண்டு மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைக்கப் போவது யார்? சிறுநீர் வெளியேற்றும் முறையைக் கற்றுக்கொண்டிருப்பவர் யார்? இவற்றுக்காகப் பாடசாலையை விட்டு நிற்கப் போகின்ற பிள்ளை எது?

இக்கேள்விகளின் முக்கியத்துவத்தை உணர்வதற்குக் காயத்தின் தன்மையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மூளையிலிருந்து புறப்படும் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் கொண்டு செல்வது முள்ளந்தண்டின் உள்ளே அமைந்துள்ள முண்ணாண் ஆகும். என்பு முறிந்தால் அது பொருந்தும். முண்ணாண் முற்றாகச் சேதமடைந்தால் அதனை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இன்றுவரை மருத்துவத்தில் இல்லை. கழுத்துப் பகுதியில் சேதம் ஏற்படின் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். நெஞ்சுப் பகுதியிலோ நாரிப் பகுதியிலோ ஏற்படின் கைகள் தப்பிவிடும், கால்கள் செயலிழக்கும். சேதமடைந்த இடத்துக்குக் கீழே அசைவு மட்டுமன்றி, தொடுகையுணர்ச்சியும் சிறுநீர், மலம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடும் இழக்கப்படலாம். சத்திரசிகிச்சை முள்ளந்தண்டை உறுதிப்படுத்தவும் முண்ணாணின் மீதான அழுத்தத்தை அகற்றவும் உதவுகின்றதே தவிர, அறுந்த தொடர்பை அது மீளக் கட்டுவதில்லை.

எனினும் எல்லாக் காயங்களும் முற்றான காயங்கள் அல்ல. முண்ணாணின் ஒரு பகுதி எஞ்சியிருப்பின் ஓரளவு அசைவும் உணர்ச்சியும் திரும்பி வரக்கூடும். அவ்வாறான முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள்ளேயே தென்படுவது வழக்கம். ஆகவே வைத்தியரிடம் ‘காயம் முற்றானதா, பகுதியானதா’ என்று தெளிவாகக் கேட்டறிவது குடும்பத்தின் முதற் கடமையாகும். பதில் கசப்பானதாக இருப்பினும் அதனை நோயாளியிடமிருந்து மறைத்தல் நன்மை தராது. ‘அடுத்த தைப் பொங்கலுக்கு நடந்துவிடுவீர்கள்’ என்று ஆறுதல் கூறப்பட்டவர், அந்தப் பொங்கல் கடந்த பின்னர் வீட்டாரின் எந்தச் சொல்லையும் நம்பாதவராகின்றார்.

முதலாம் உலக யுத்தத்தில் முண்ணாண் காயமுற்ற படைவீரர்களில் மிகப் பெரும்பாலானோர் சில மாதங்களுக்குள்ளேயே இறந்தனர். அவர்களைக் கொன்றது முள்ளந்தண்டு முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களின் உயிரைப் பறித்தன. இந்நிலையை மாற்றிய முன்னோடிகளுள் முதன்மையானவர், நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி 1939 இல் இங்கிலாந்தை அடைந்த யூத நரம்பியல் வைத்தியரான லுட்விக் குட்மன். 1944 ஆம் ஆண்டு ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இவரது பொறுப்பில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அங்கு இரவும் பகலும் இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை நோயாளிகள் புரட்டப்பட்டனர். சிறுநீர்த் தொற்றைத் தவிர்க்கும் முறைகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டன. இறப்பை மட்டுமே எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் உயிர் வாழ்ந்தனர். தொழிலுக்கும் விளையாட்டுக்கும் திரும்பினர். 1948 இல் அவர் அங்கு நடத்திய போட்டிகளே பிற்காலத்தில் பராலிம்பிக் விளையாட்டுக்களாக வளர்ந்தன.

குட்மனின் கட்டிலருகே நடைபெற்றவற்றில் பெரும்பாலானவை விலையுயர்ந்த கருவிகளை வேண்டி நின்றவை அல்ல. அவை தவறாத ஒழுங்கை வேண்டி நின்றவை. அந்த ஒழுங்கு ஒரு கிராமத்து வீட்டிலும் சாத்தியமானது என்பதே நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

முதலாவது, தோல். உணர்ச்சியுள்ள மனிதன் தூக்கத்திலும் தன்னையறியாமல் புரண்டு படுக்கின்றான். உணர்ச்சியற்ற உடல் அதனைச் செய்வதில்லை. என்பு துருத்தி நிற்கும் இடங்களான நாரியின் கீழ்ப்புறம், பிட்டம், இடுப்பின் இரு பக்கங்கள், குதிக்கால் ஆகியவற்றில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணித்தியாலங்களிலேயே தோல் பழுதடையத் தொடங்குகின்றது. அழுத்தியும் மறையாத ஒரு நிறமாற்றம், சற்றே சூடான அல்லது தடித்த ஓர் இடம் என்பன ஆரம்ப அறிகுறிகள். கறுத்த தோலில் சிவப்பு இலகுவில் தெரியாது. ஆதலால் கையால் தடவிப் பார்ப்பதும் அவசியம். காலையும் மாலையும் முழு உடலையும் பார்வையிடல் வேண்டும். நாற்காலியில் இருப்பவர் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடலை உயர்த்துதல் அல்லது முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்துகொள்ளுதல் வேண்டும். இதில் காட்டும் ஒரு வார அலட்சியம் பல மாதங்களை வைத்தியசாலைக் கட்டிலில் கழிக்கச் செய்துவிடும்.

இரண்டாவது, சிறுநீரும் மலமும். எமது வீடுகளில் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் விடயம் இதுவே. சிறுநீர்ப்பை நிரம்பி வழியும்வரை விடப்பட்டால் தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நான்கு முதல் ஆறு மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை சுத்தமான மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிய பின் அதனை எடுத்துவிடும் முறை பலருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. கைகள் இயங்குபவர் இதனைத் தாமே செய்யக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். மலங்கழித்தலை ஒவ்வொரு நாளும் அல்லது ஒன்றுவிட்டொரு நாள் ஒரே நேரத்தில் மேற்கொள்ளப் பழக்கினால் எதிர்பாராத அசௌகரியங்கள் குறையும். இவ்விரண்டும் சீரானவர் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அச்சமின்றிச் செல்கின்றார். சீராகாதவர் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப் போகின்றார்.

மூன்றாவது, ஆபத்தை இனங்காணுதல். கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுமையான தலையிடி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்தல் என்பன ஏற்பட்டால் அதனைச் சாதாரண தலையிடியாகக் கருதலாகாது. இரத்த அழுத்தம் அபாயகரமாக உயர்வதன் அறிகுறி அது. உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். குறையாவிடின் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அவ்வாறே, உணர்ச்சியற்ற கால்களில் சுடுநீரோ சூடான ஒத்தடமோ படும்போது அவர் அறியாமலே தோல் வெந்துவிடக்கூடும். கால்கள் தாமாகத் துடிப்பதைக் கண்டு ‘உயிர் திரும்புகின்றது’ என மகிழும் குடும்பங்களும் உண்டு. அது பெரும்பாலும் தசை இறுக்கமே. அதற்கு இயன்மருத்துவரின் பயிற்சிகள் தேவை.

இவ்விடத்தில் முறிவு நெரிவு வைத்தியத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். என்பு முறிவுகளுக்கு அவ்வைத்தியத்தை எமது மக்கள் தலைமுறைகளாக நாடி வந்துள்ளனர். ஆயினும் முண்ணாண் சேதத்தை எண்ணெயும் பத்தும் குணப்படுத்துவதில்லை. நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து, ஊர் ஊராக அலைந்து முடிக்கும் காலத்தில் சக்கர நாற்காலிப் பயிற்சியும் தோல் பராமரிப்பும் கைவிடப்பட்டுவிடுகின்றன. கையிலுள்ள பணத்தில் முதலில் வாங்கப்பட வேண்டியவை தரமான மெத்தையும் நாற்காலிக்குரிய அழுத்தந்தாங்கியுமே. முதலில் திருத்தப்பட வேண்டியவை வீட்டு வாசற்படியும் மலசலகூடக் கதவும் ஆகும்.

இவ்வளவு வேலையையும் சுமப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் விடை ஒரு பெண். மனைவி அல்லது மூத்த மகள். தந்தை படுத்துவிட்டார், தாய் கூலி வேலைக்குச் செல்கின்றார் என்ற நிலையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மகள் ‘சில வாரங்களுக்கு’ என்று வீட்டில் நிறுத்தப்படுகின்றாள். அந்தச் சில வாரங்கள் முடிவதில்லை. இதனைத் தவிர்க்க இயலாத தியாகமென நாம் போற்றத் தலைப்பட்டால் ஒரு விபத்தில் இரண்டு வாழ்க்கைகளை இழந்தவர்களாவோம். வைத்தியசாலையிலிருந்து வெளியேறுமுன்னரே குறைந்தது இருவர் பராமரிப்பைக் கற்றிருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவராவது ஆணாக இருத்தல் நலம். தந்தையைத் தூக்குவதற்கும் கழுவுவதற்கும் மகன்மாரும் மைத்துனன்மாரும் இருக்கையில் அது பெண்களின் பணியென ஒதுக்கப்படுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இரவுப் பணி முறைவைத்துப் பகிரப்படல் வேண்டும். பராமரிப்பவரும் உறங்க வேண்டியவரே.

பாரத்தைக் குறைப்பதில் தந்தைக்கும் பங்குண்டு. கைகள் வலுவாக உள்ளவர் தாமே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், கண்ணாடியின் துணையுடன் தமது தோலைப் பார்வையிடவும், குளிக்கவும் உடுக்கவும் கற்றுக்கொள்ள முடியும். அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் அவரிடம் எஞ்சியுள்ள ஆற்றலையும் நாமே பறித்தவர்களாவோம். அவர் தந்தை என்ற நிலையை இழந்துவிடவில்லை. வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, காணி விடயம் என்பன அவரைக் கேட்டே தீர்மானிக்கப்படல் வேண்டும். அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாமவர் போலப் பேசுகின்ற வழக்கம் கைவிடப்படல் வேண்டும். தொடர்ந்த மௌனம், உணவை மறுத்தல், ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்று திரும்பத் திரும்பக் கூறுதல் ஆகியன மனச்சோர்வின் அறிகுறிகள். அவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

குடும்பம் தனித்து நின்று இதனைச் செய்ய வேண்டுமென்பதில்லை. றாகமையிலும் கண்டி திகனையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. வடக்கில் முள்ளந்தண்டுக் காயமுற்றோர் தாமே ஒன்றிணைந்து உருவாக்கிய உயிரிழை அமைப்பு மாங்குளத்தைத் தளமாகக் கொண்டு இயங்கி வந்துள்ளது. அதே காயத்துடன் வாழப் பழகிய ஒருவர் வீடு தேடி வந்து பேசுவது, ஆயிரம் அறிவுரைகளைவிடப் புதிதாகக் காயமுற்றவரின் மனதில் பதியும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுப்பனவுக்கும் உபகரணங்களுக்கும் விண்ணப்பிப்பது யாசகமன்று.

உரிமைகள் தாமாக வந்தவையும் அல்ல. 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மீது மரம் வீழ்ந்ததில் கால்களின் இயக்கத்தை இழந்தவர் கலாநிதி அஜித் பெரேரா. பொதுக் கட்டடங்களுக்குள் சக்கர நாற்காலியில் செல்லும் உரிமைக்காக அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அதற்கான உத்தரவைப் பிறப்பித்தது. 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டமும் 2006 இன் அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் உள்ளன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவும் இருந்தும் எத்தனை அரச அலுவலகங்களின் வாசலில் சாய்தளம் உள்ளதென்பதை வாசகர்களே அறிவர். கொடுப்பனவைப் பெறுவதற்கே படியேற வேண்டியுள்ள நாட்டில், ஒரு மகளின் படிப்பைக் காப்பாற்றும் பொறுப்பை அந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. கிராமத்துக்கே வந்து பயிற்றுவிக்கும் இயன்மருத்துவரும், குழாயையும் மெத்தையையும் தடையின்றி வழங்கும் ஏற்பாடும் மாகாண சுகாதாரத் திணைக்களங்களின் நிரந்தரச் சேவையாக வேண்டும்.

அத்தகைய வீடொன்று எமது அயலில் இருக்குமாயின் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த முறை சுகம் விசாரிக்கச் செல்லும்போது ‘எப்போது நடப்பார்’ என்று கேளாதிருப்போம். ‘இன்றிரவு நான் வந்து நிற்கின்றேன், பிள்ளை படிக்கட்டும்’ என்று கூறுவோம்.