சட்டைக் கைக்குள் அடங்கும் வாட்ச்

2002-இல் ஓசூரிலிருந்து டைட்டனின் 'எட்ஜ்' வாட்ச் வந்தது. மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர்தான். அந்த வரிசையின் பல மாடல்களில் விநாடி முள்கூடக் கிடையாது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, காட்டிக்கொள்ளாமல் இருப்பதையே ஒரு சாதனையாகச் செய்து காட்டியது.

வேலைக்குச் சேர்ந்து முதல் வாட்ச் வாங்கப் போகிறவருக்குக் கடையில் பெரும்பாலும் வேறு ரகம்தான் எடுத்துக் காட்டப்படும். 44 மில்லிமீட்டர் அகலம், டயலுக்குள் மூன்று குட்டி டயல், பளபளக்கும் தங்க விளிம்பு. கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! மலிவான சிலவற்றில் அந்தக் குட்டி டயல்கள் வெறும் அச்சு. முள் நகரவே நகராது.

அலுவலக வாட்சுக்கு முதல் பரீட்சை, பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. கையை மடக்கி நீட்டும்போது வாட்ச் துணியில் மாட்டாமல் உள்ளே போய்வர வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமன் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. அகலத்தில் 36 முதல் 39 மில்லிமீட்டர் பல ஆண்களுக்குப் பொருந்தும். மெல்லிய மணிக்கட்டுக்கு அதற்கும் கீழே போகலாம். ஒரு தலைமுறையே கட்டித் திரிந்த எச்.எம்.டி. ஜனதா சுமார் 35 மில்லிமீட்டர்தான். அதைச் சின்ன வாட்ச் என்று அன்றைக்கு யாரும் சொன்னதில்லை. அகலத்தைவிட முக்கியம், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் முனைக்கு முனை நீளம். அது மணிக்கட்டின் மேல்பரப்பைத் தாண்டி வெளியே நீண்டால் எந்த வாட்சும் இரவல் வாங்கியது போலத்தான் தெரியும்.

நன்றாகச் செய்ததா என்று பார்க்க நிபுணர் வேண்டாம், போன் கேமரா போதும். டயலைப் பெரிதாக்கினால் மணிக்கோடுகள் தெரியும். அச்சடித்த கோடா, தனியாகச் செய்து பதித்த உலோகத் துண்டா? பதித்தது என்றால் பன்னிரண்டும் நேராக நிற்கின்றனவா? நிமிட முள் நிமிடக் கோடு வரை எட்டுகிறதா, பாதி வழியிலேயே நின்றுவிடுகிறதா? குவார்ட்ஸ் வாட்ச் என்றால் விநாடி முள் ஒவ்வொரு கோட்டின் மேலும் சரியாக விழுகிறதா? பிறகு திருகை இழுத்து நேரம் மாற்றிப் பார்க்கலாம். லொடலொடவென்று ஆடினால் அந்த வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் ஆகாது. ஆனாலும் பெட்டியின் அழகைப் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம்.

தங்க நிறத்தில் ஆசை இருந்தால் யோசிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போட்ட வாட்சுகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். வியர்வை பட்டுப் பட்டு, கொம்பின் ஓரங்களில் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். நம் ஊர் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் 316எல் ரக ஸ்டீல் நன்றாகத் தாங்கும். கண்ணாடியில் சஃபயர் கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். கடினத்தன்மையில் வைரத்தின் எண் 10 என்றால் இதற்கு 9. மேசை விளிம்பில் உரசியதற்கெல்லாம் கீறல் விழாது.

செல்லில் ஓடுவதா, சாவி கொடுப்பதா? 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோது அதன் விலை ஒரு சிறிய கார் விலை. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுகளுக்குள் இருக்கும் படிகத் துண்டு பெரும்பாலும் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் 1, அதாவது விநாடிக்கு ஒரு துடிப்பு. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குப் பதினைந்து விநாடி முன்பின் ஆகும். நடுத்தர விலை மெக்கானிக்கல் வாட்ச் ஒரே நாளில் அவ்வளவு தவறலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடவும் வேண்டும். பின்பக்கக் கண்ணாடி வழியே சக்கரங்கள் சுழல்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டுதான். ஆனால் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஓடுகிறவருக்குக் குவார்ட்ஸ் போதும், அதில் கௌரவக் குறைவும் இல்லை.

பழைய எச்.எம்.டி. மீது ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. வாட்ச் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இணையத்தில் புத்தம்புதிதாக மின்னும் ஜனதா பெரும்பாலும் டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்தது. எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். கம்பெனி ஒருநாளும் போடாத நிறங்களும் இருக்கும். ஆசைக்கு வாங்கலாம், தினம் நம்பிக் கட்ட முடியாது.

ஸ்ட்ராப்பில் தோல்தான் கோட்டுக்கும் முழுக்கைச் சட்டைக்கும் எடுப்பு. ஆனால் சென்னை வெயிலில் ஒன்றிரண்டு கோடைக்குள் நாறத் தொடங்கும். அப்போது, ஸ்ட்ராப் மாட்டும் இடைவெளி 18 அல்லது 20 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவில் இருந்தால் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கு ஒரு ஸ்டீல் செயினும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பின்மூடியில் '30 மீட்டர்' என்று இருப்பது நீந்தும் ஆழம் இல்லை, சோதனையில் கொடுத்த அழுத்தத்தின் அளவு. கை கழுவலாம், தூறலில் நனையலாம். நீச்சல் குளம் வேண்டாம். அந்தப் பாதுகாப்பும் மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையத்தை நம்பித்தான் இருக்கிறது. தெருமுனையில் செல் மாற்றும்போது அந்த வளையம் நசுங்கினாலோ இடம் மாறினாலோ அடுத்த மழைக்கே கண்ணாடிக்குள் ஆவி படியும். செல் மாற்றக் கொடுக்கும்போதே வளையத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.